எந்தக் கையில் ஊசி? ஒரு பிரமாணப் பத்திரத்தை வாசித்த குறிப்புகள்

அத்தையைத் தடுப்பூசி போட்டுக்கச் சொன்னது நான்தான். அதனால இந்தப் பதிவு முழுக்க நடுநிலையா இருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது.

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள் மயங்கி விழுந்து, அதற்கு மறுநாள் இறந்துபோனார். அவருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கத்துப் பெருங்கோட்டூர். சென்னைக்காரங்களுக்கு அது செய்தி, எங்க ஊருக்கு அது துஷ்டி. அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக் குழு சில மாதம் கழித்துச் சொன்னது. அந்த முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனா அதுக்குள்ள ஊரில் பாதிப் பேர் ஊசின்னாலே கதவைச் சாத்திக்க ஆரம்பிச்சிட்டாங்க. அத்தையும் அதில் ஒருத்தி. தினமும் ராத்திரி போன் போட்டு, வரைபடம் எல்லாம் அனுப்பி, கெஞ்சி, கடைசியில் கோபப்பட்டு நான் சம்மதிக்க வைத்தேன். செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமை முகாம்கள் தொடங்கின சமயம் ஒரு முகாமில் போய்ப் போட்டுக்கிட்டா.

மறுநாள் சாயங்காலம் வலி. எல்லோருக்கும் வர்ற வலிதான்னு நானே சொன்னேன். ஒரு வாரம் ஆச்சு, ஒரு மாசம் ஆச்சு. தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அத்தை தலையை விரிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தா. பேத்தி பின்னல் போட்டுக்கிட்டிருந்தது. "கொண்டை போட கை எந்திரிக்க மாட்டேங்குது மருமகனே" என்றாள். புகாராச் சொல்லலை, சும்மா தகவலாச் சொன்னா. அத்தைக்கு விசைத்தறியில் வேலை. அறுந்த இழையை எட்டி முடிச்சுப் போட முடியலைன்னா அந்த வேலை இல்லை. பிசியோதெரபி, ஸ்கேன், மாத்திரை, நடுவில் ஒரு வர்ம வைத்தியர் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கும் கணக்கு 23,400 ரூபாய். கூலி போன கணக்கை அவள் எழுதலை.

இதற்கு யாரிடமாவது நஷ்டஈடு கேட்க முடியுமா? இந்தக் கேள்வியோடுதான் நாலு மாசமா சட்டத்தையும் மருத்துவக் கட்டுரைகளையும் புரட்டிக்கிட்டிருக்கேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. மத்தவங்க எழுதின கோடில் பிழை தேடிச் சம்பளம் வாங்குறவன். அந்தக் கண்ணோடுதான் 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தை வாசித்தேன். இந்தப் பதிவு அந்த ஆவணத்தின் மீதான விமர்சனம். வழக்கு 2023 ஜனவரியில் நிலுவையில்தான் இருந்தது.

முதல்ல தோள்பட்டை. இது தெரியாம மீதி புரியாது.

மேல்கையில் போடும் ஊசி டெல்டாய்டு என்ற தசைக்குள் போகணும். தோளின் மேல்நுனியில் தட்டுப்படும் எலும்பிலிருந்து ரெண்டு மூணு விரற்கடை கீழே, தசை தடிப்பா இருக்கிற இடம். அதுக்கு மேலே, எலும்பை ஒட்டிக் குத்தினா தசைக்கு அடியில் இருக்கும் பர்சா என்ற சின்ன உறைக்குள் மருந்து போய்விடலாம். பர்சாவின் வேலை தோள் அசையும்போது உராய்வைக் குறைப்பது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுறதுக்குன்னே செய்த மருந்து அங்கே இறங்கினால், உடம்பு அந்த இடத்திலேயே சண்டையைத் தொடங்குகிறது. வீக்கம், வலி, அப்புறம் மூட்டு இறுகிப்போவது. 2007-ல் போடோர், மொண்டால்வோ என்ற இருவர் 'வேக்சின்' என்ற ஆய்விதழில் இரண்டே இரண்டு நோயாளிகளை வைத்து இதை எழுதினார்கள். 2010-ல் அதே இதழில் அட்டனாசாஃப் குழு 13 பேரைத் தொகுத்து 'சிர்வா' என்ற சுருக்கப் பெயரைக் கொடுத்தது. 2011-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஆய்வுக் குழு, ஊசி குத்துவதற்கும் பர்சா வீக்கத்துக்கும் காரணத் தொடர்பு இருப்பதை ஆதாரங்கள் உறுதியாகக் காட்டுகின்றன என்று சொன்னது. அந்த அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலான கேள்விகளுக்கு அவங்க சொன்ன பதில் 'போதிய ஆதாரம் இல்லை' என்பதுதான். இவ்வளவு தெளிவா ஒத்துக்கிட்டவை கொஞ்சம்தான்.

இடம் எப்படித் தவறுகிறது என்பது பற்றிய விவரங்கள் ரொம்பச் சாதாரணமானவை. போடுபவர் நின்றுகொண்டும் போட்டுக்கொள்பவர் உட்கார்ந்தும் இருந்தால் ஊசி மேலே போகும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றாமல், கழுத்துப் பக்கமிருந்து துணியை இறக்கித் தோளைக் காட்டினாலும் மேலே போகும். இதைப் படித்ததும் அத்தைக்குப் போன் போட்டேன். "ஜாக்கெட் கை இறுக்கம்லா, மேல ஏறல. தோள்ல இருந்து இறக்கி விட்டேன்" என்றாள். நம்ம ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் அப்படித்தான் தோளைக் காட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்க.

இதில் தடுப்பூசி மருந்தின் மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. மரபணு, ரத்தக்கட்டு, இதயம் என்ற சர்ச்சை எதுவும் இதுக்குள்ள வராது. ஊசி விழுந்த இடம் ஒன்றுதான் கேள்வி. தடுப்பூசிப் பாதிப்புகளிலேயே ஒத்துக்கொள்ளச் சுலபமானது இதுதான் என்பது என் வாதம். இந்தச் சுலபமான கேஸிலேயே நம்ம அமைப்பு என்ன பண்ணுது என்று பார்த்தால், கஷ்டமான கேஸ்களின் கதி தானாப் புரியும்.

இப்ப பிரமாணப் பத்திரம். 2021-ல் ஊசி போட்டபின் இறந்த இரண்டு இளம்பெண்களின் பெற்றோர் தொடுத்த வழக்கு அது. தடுப்பூசியைத் தயாரித்தவை வேறு நிறுவனங்கள், போட்டுக்கொள்வது கட்டாயமில்லை, பாதிப்புகளைக் கண்காணிக்கும் அமைப்பு சரியாக இயங்குகிறது, ஆகவே அரசை நேரடிப் பொறுப்பாக்க முடியாது. பாதிக்கப்பட்டவர்கள் சிவில் நீதிமன்றத்தில் கவனக்குறைவுக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். அரசின் பதிலின் சாரம் இவ்வளவுதான்.

கட்டாயமில்லை என்பதைப் பற்றி ஒரே வரி: யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2-ல் ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்ததே, ஊரெல்லாம் சான்றிதழ் கேட்டுக்கிட்டிருந்ததால்தான்.

எண்களுக்கு வருவோம். 2022 நவம்பர் 19 வரை 219.86 கோடி டோஸ். பதிவான பாதிப்புகள் 92,114. அதில் 89,332 சிறியவை, 2,782 தீவிரமானவை, மரணங்களையும் சேர்த்து. சதவீதத்தில் 0.0042. இந்த எண்ணைத் தடுப்பூசி எவ்வளவு பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாக அரசு வைக்கிறது. நான் வேற மாதிரி வாசிச்சேன். ஒரு லட்சம் டோஸுக்கு நாலு பாதிப்பு, சிறியவற்றையும் சேர்த்து! ஊசி போட்ட இடத்தில் வலி பத்தில் ஒருவருக்கு மேல் வரலாம் என்று கோவிஷீல்டின் தகவல் தாளிலேயே இருக்கு. உங்க வீட்டில் எத்தனை பேருக்குக் கை வலித்தது, காய்ச்சல் அடித்தது? லட்சத்தில் நாலு என்பது பாதிப்பின் அளவாக இருக்க முடியாது. யாரும் எழுதி வைக்கலை என்பதன் அளவு அது. எங்க வேலையில் ஒரு சர்வர் மாசக்கணக்கா ஒரு பிழைகூட லாகில் எழுதலைன்னா நாங்க கைதட்ட மாட்டோம். லாகிங் வேலை செய்யுதான்னு போய்ப் பார்ப்போம்.

தடுப்பூசி பாதுகாப்பானதுதான், எனக்கு அதில் சந்தேகமில்லை. இந்த எண் அதைக் காட்டவில்லை என்பதுதான் விஷயம்.

தோள்பட்டை இந்த வலையில் ஏன் சிக்காது என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. நம்ம கண்காணிப்பு விதிகளில் மரணம், மருத்துவமனையில் சேர்ப்பது, நீடித்த ஊனம் போன்றவை 'தீவிர' வகை. ஊசி இடத்து வலி 'சிறிய' வகை. அத்தையின் கதை முதல் நாள் சிறிய வகையில் ஆரம்பித்து ஆறாவது மாசம் நீடித்த ஊனத்துக்கு வந்து சேருது. ஆனா முகாமில் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பதோடு அவளைப் பற்றிய கண்காணிப்பு முடிஞ்சுது. ஆறு மாசம் கழித்து அவளைப் பார்க்கும் எலும்பு டாக்டருக்கு இது தோள் இறுக்கம். சுகர் இருக்கா? இருக்கு. அப்ப சரி, சுகர்காரங்களுக்கு வர்றதுதான். கேஸ் முடிந்தது. விசாரணைக்குப் போயிருந்தால், காரண வகைப்பாட்டில் 'தடுப்பூசி போடும் முறையில் நேர்ந்த பிழை' என்று ஒரு கட்டமே உண்டு. ஆனா அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தாலும் அதிலிருந்து ஒரு பைசா பிறக்காது. அது திட்டத்தைத் திருத்திக்கொள்வதற்கான வகைப்பாடு, அவ்வளவே.

சரி, சிவில் கோர்ட்டுக்கே போறோம்னு வைங்க. அரசு மேல் வழக்கென்றால் முதலில் இரண்டு மாத நோட்டீஸ், அப்புறம் கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம். அதெல்லாம் தாண்டி நிரூபிக்க வேண்டியது கவனக்குறைவு. சிகிச்சையின் விளைவு மோசமாயிருந்தா அதுவே கவனக்குறைவு ஆகாது, சராசரித் திறமையுள்ளவர் செய்யக்கூடியதை இவர் செய்தாரா என்றுதான் பார்க்கணும் என்பது 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பிலிருந்து உறுதியான அளவுகோல். அது நியாயமானதும்கூட. நூற்றுக்கணக்கான பேருக்கு வரிசையா ஊசி போட்ட ஒரு செவிலியரைக் கூண்டில் ஏற்ற எனக்கும் மனசில்லை, அத்தைக்குச் சுத்தமா இல்லை. "அந்தப் பிள்ளை காலையில இருந்து தண்ணி கூடக் குடிக்கல" என்பதுதான் முகாமைப் பற்றி அவள் சொன்ன முதல் விஷயம்.

அந்த மனசை ஒதுக்கி வைத்தாலும் ஆதாரம் எங்கே? கோவின் சான்றிதழை எடுத்துப் பாருங்க. பெயர், வயது, அடையாள எண், மருந்தின் பெயர், தேதி, பேட்ச் எண், போட்டவர் பெயர், போட்ட இடம். ஒவ்வொரு ஃபீல்டாப் பார்த்தேன். எந்தக் கை என்பதற்கு ஃபீல்டே இல்லை. 200 கோடிக்கு மேல் ரெக்கார்டு எழுதின ஒரு மென்பொருள் இடது, வலது என்ற ஒரு பிட் தகவலை மக்களுக்குக் கொடுத்த காகிதத்தில் வைக்கலை. அமெரிக்க வழக்குகளில், நோயாளி இடது கைன்னு சொல்ல, மருத்துவப் பதிவு வலதுன்னு சொல்ல, அந்த ஒரு விஷயத்தின் மேலேயே பக்கம் பக்கமா விசாரணை நடந்திருக்கு. நமக்கு அந்தச் சண்டைக்கும் வழியில்லை.

நுகர்வோர் ஆணையம்? இங்கதான் எனக்கு நிஜமாவே கோபம் வந்தது. 1995-ல் வி.பி. சாந்தா தீர்ப்பு மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனா எல்லோருக்கும் இலவசமா நடக்கும் அரசுச் சிகிச்சையை வெளியே விட்டது. 2019 சட்டத்திலும் இலவசச் சேவை சேவை ஆகாது. எங்க அண்ணன் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 780 ரூபாய் கட்டிக் கோவிஷீல்டு போட்டார். அவருக்கு இதே மாதிரி தோள் போயிருந்தால், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் மனு கொடுக்கலாம், வக்கீல் இல்லாமலேகூட. அத்தை போட்டதும் கோவிஷீல்டுதான். 780 ரூபாய் கட்டாததால் அவள் நுகர்வோர் இல்லை. வரியாகக் கட்டினது கணக்கில் வராதான்னு கேட்காதீங்க, அந்த வாதமும் சாந்தா தீர்ப்பிலேயே தோற்றுப்போனது.

மதுரைக் கிளையில் ரிட் போடலாமே என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதும், மறு வருஷம் உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னதும் நமக்கெல்லாம் ஞாபகமிருக்கும். ஆனா அங்கே ரத்தப் பைக்கு ஒரு தடம் இருந்தது. தவறு நடந்ததை யாரும் மறுக்கலை. உண்மை என்ன என்பதிலேயே தகராறு இருந்தால் ரிட் நீதிமன்றம் சிவில் கோர்ட்டுக்குப் போன்னு சொல்லிவிடும். சுத்திச் சுத்தி அதே வாசல்.

இதற்கு எதிர்ப்பக்கம் அமெரிக்கா. 1986-ல் சட்டம் போட்டு 1988-லிருந்து அங்கே தடுப்பூசிப் பாதிப்புக்கு ஒரு தனி நிதி இருக்கு. ஒரு டோஸில் தடுக்கப்படும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி, அதிலிருந்து இழப்பீடு. யாருடைய கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டாம். 2017 மார்ச்சில் சிர்வாவை அட்டவணையில் சேர்த்தார்கள். நிபந்தனைகளை ஒரு இஃப் கண்டிஷன் மாதிரி எழுதிவிடலாம்: அந்தத் தோளில் முன்னாடி வலியோ கோளாறோ இருந்திருக்கக் கூடாது, 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கணும், வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்கணும், நரம்புக் கோளாறு மாதிரி வேறு விளக்கம் இருக்கக் கூடாது. நாலும் சரியென்றால் ஊசிதான் காரணம் என்று சட்டம் அனுமானிக்கும். பாதிப்பு ஆறு மாசத்துக்கு மேல் நீடித்திருக்கணும், மூணு வருஷத்துக்குள் மனு போடணும். வலி வேதனைக்கு உச்ச வரம்பு 2,50,000 டாலர். மனு நல்லெண்ணத்தோடு நியாயமான அடிப்படையில் போட்டதென்றால், தோற்றாலும் வக்கீல் கட்டணம் நிதியிலிருந்தே வரும்.

அத்தையை இந்த நிபந்தனைகளில் ஓட்டிப் பார்த்தேன். முதல் மூணும் தேறுது. நாலாவதில் சுகரைப் பிடித்து எதிர்த்தரப்பு வாதாடும். சுகர்காரர்களுக்கு ஊசி இல்லாமலேயே தோள் இறுகும் என்பது உண்மை, அதை மறைச்சு எழுத எனக்கு இஷ்டமில்லை. ஜெயிப்பாளா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனா கேள்வியைக் கேட்க ஒரு இடமாவது இருக்கு.

அதுக்காக அமெரிக்காவைத் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். அங்கேயும் கோவிட் ஊசி இந்த நிதிக்குள் இல்லை. அதற்குத் தனியா, கஞ்சத்தனமான இன்னொரு திட்டம்: ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பிக்கணும், வலி வேதனைக்குக் காசு கிடையாது, வக்கீல் கட்டணம் கிடையாது. சிர்வா மனுக்கள் குவிந்ததும், இது ஊசி போட்டவரின் தவறே தவிர மருந்தின் பாதிப்பு இல்லை என்று சொல்லி 2020 ஜூலையில் அதை அட்டவணையிலிருந்து நீக்கப் பார்த்தார்கள். 2021 ஜனவரியில் நீக்கும் விதியும் வந்தது, ஏப்ரலில் அடுத்த அரசு அதை ரத்து செய்தது. நீக்கச் சொன்ன காரணமும் நம்ம பிரமாணப் பத்திரத்தின் காரணமும் ஒரே அச்சு: போட்டவர் மேல் போய்க் கேஸ் போடு. பிரிட்டனில் 1979-லிருந்து சட்டம் இருக்கு, 1,20,000 பவுண்டு கொடுக்கிறார்கள், ஆனா 60 சதவீத ஊனம் வேணும். ஒரு தோளுக்கு அங்கே பூஜ்யம்தான்.

இந்தியாவுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். தவறை நிரூபிக்காமல் இழப்பீடு தருவது நமக்குப் புதுசு இல்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு 2005-லிருந்து ஒரு காப்பீட்டு ஏற்பாடு இருக்கு. 2013-ல் மாற்றியமைத்தபோது, ஆபரேஷன் தோற்று மறுபடி கரு தரித்தால் 30,000 ரூபாய், ஆபரேஷனால் ஏழு நாளுக்குள் இறந்தால் 2 லட்சம் என்று வைத்தார்கள். எந்த டாக்டர் எங்கே கத்தி வைத்தார் என்று யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தின் பின்னால் இருக்கும் எண்ணம் ரொம்ப நேரடியானது: நாட்டின் நலனுக்காக உங்களை இதைச் செய்துகொள்ளச் சொல்கிறோம், அதில் ஏதாவது கெட்டுப்போனால் கொஞ்சமாவது நாங்கள் ஏற்கிறோம். தடுப்பூசிக்கு இந்த வாக்கியம் ஏன் பொருந்தாது என்பதற்குப் பிரமாணப் பத்திரத்தின் சாரத்தில் எனக்குப் பதில் கிடைக்கலை.

மருந்துப் பரிசோதனைக்கு உட்படுபவர்களுக்கும் 2019 விதிகளின்படி இழப்பீடு உண்டு. 2021 ஜனவரியில் கோவாக்சின் 'பரிசோதனை முறையில்' போடப்பட்டபோது, கடுமையான பாதிப்பு அந்த மருந்தால் வந்ததென்று நிரூபணமானால் நிறுவனம் இழப்பீடு தரும் என்று ஒப்புதல் படிவத்திலேயே அச்சடித்திருந்தது. பரிசோதனை என்ற பெயர் போனதும் அந்த வரியும் போய்விட்டது.

நான் கேட்பது ரொம்பக் கம்மி. எந்தக் கை என்று ஒரு ஃபீல்டு. ஆறு மாசம் கழித்து வந்தாலும் பதிவு செய்துகொள்ள ஒரு படிவம். 'போடும் முறையில் பிழை' என்ற கட்டத்தில் டிக் விழுந்தால் பிசியோதெரபி செலவும் சில மாசக் கூலியும். கோடிகள் வேண்டாம்.

போன மாசம் அத்தையின் சம்பவத்தைத் தேதிவாரியாத் தமிழில் எழுதி, ரசீதுகளின் நகலைச் சேர்த்து, தடுப்பூசிப் பாதிப்பாகப் பதிவு செய்யும்படி சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். முதல் வரியிலேயே 'இடது கை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். கையெழுத்துப் போடும்போது "காசு வருமா?" என்று கேட்டாள். வராது என்றேன். "அப்ப இது எதுக்கு?"

92,114 என்பது 92,115 ஆகும் என்றேன். அத்தை என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டுச் சீப்பை எடுத்து வரச் சொன்னாள். ஒப்புகை அட்டை பத்து நாளில் வந்து சேர்ந்தது.